வேனின் முன்சீட்டில் இருந்தவள்

1

நான் இங்கே நடத்தும் ஆங்கிலப் புத்தகத்தில் ஐந்தாவது பாடம் விமான நிலையம். ஒரு பெண் பெட்டியோடு வெளியே வருகிறாள். "உங்களைக் கூட்டிப்போக யாராவது வந்திருக்கிறார்களா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஆமாம், கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள்" என்கிறாள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக நின்று இதைச் சொல்லிப் பழக வேண்டும்.

போன வாரம் அந்தப் பாடம் வந்தது. அந்தப் பெண்ணின் பதிலை அழித்துவிட்டு, "எந்தக் கம்பெனி? எங்கே இருக்கிறது? என் பாஸ்போர்ட் உங்களுக்கு எதற்கு?" என்று பலகையில் எழுதினேன். பிள்ளைகள் உற்சாகமாகச் சொன்னார்கள். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த தலைமையாசிரியை, வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, புத்தகத்தில் இருப்பதே போதுமே என்று மென்மையாகச் சொன்னார். சரி என்றேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

2

லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவள் நான். நைனா கடலுக்குப் போகிறவர். அம்மா உயிரோடு இருந்தவரை பழவேற்காட்டில் ஏலத்தில் மீன் எடுத்துப் பொன்னேரியில் விற்றாள். நான் பொன்னேரியில் ஆங்கிலம் படித்து, அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். முப்பது வயதில் தாய்லாந்துக்கு வந்தேன். இப்போது ஏழாவது வருடம்.

ஆங்கிலம் சொல்லித்தர வந்தவளை முதலில் ஆங்கிலப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அது கிடையாது. எழுதித் தேறினேன். முதல் நாள் வகுப்பில், "என் பெயர் கலா" என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலா என்றால் இவர்கள் மொழியில் கொட்டாங்கச்சியாம். ஒரு மாதம் வரை அது எனக்குத் தெரியாது. என் சேலையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, சேலை கட்டுவதை நிறுத்தியிருந்தேன்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ஓய்வறையில் எதிரே உட்காரும் தென்னாப்பிரிக்க ஆசிரியர் ஒருவரிடமிருந்து அது தொற்றிக்கொண்டது. சம்பளத்தில் பெரும்பகுதியைச் சேர்த்துவைக்க வேண்டும். நாற்பது வயதில் வேலையை விட்டுவிட வேண்டும். அதற்குப்பிறகு சேமிப்பிலிருந்து வருவதை வைத்துச் சிக்கனமாக வாழ்ந்துகொண்டு உலகம் சுற்ற வேண்டும். அதற்காக ஒற்றை அறை, ஒரு பழைய சைக்கிள், ஒரு ரைஸ் குக்கர் என்று வாழ்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் டியூஷன் எடுத்தேன். உலகம் சுற்றுவதற்காகச் சேர்க்கிறேன் என்று இந்த நாட்டில் ஒரு தீவைக்கூடப் பார்க்காமல் இருந்தேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நைனாவிடம் இதைச் சொன்னேன். வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நாப்பது வயசுல வேலைய வுட்டுட்டு இன்னா பண்ணுவ?"

"ஊரு சுத்துவேன் நைனா."

"சுத்தி?"

"பாப்பேன்."

"பாத்து?"

எங்கள் குப்பத்தில் தூரமாகப் போவதென்றால் மீன் இருக்கும் இடத்துக்குப் போவது. சும்மா பார்க்கப் போகிறவளை யார் நம்புவார்கள். அங்கே யாரையோ சேர்த்துக்கொண்டிருக்கிறாள், அதை மறைக்கத்தான் இந்தக் கதை என்று பேசிக்கொண்டார்கள்.

3

சந்தேகம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. ஏலத்தில் ஐஸ் பெட்டிமேல் பளபளப்பாக நாலு மீன் இருந்தால் அவள் பார்க்கவே மாட்டாள். முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை இழுத்துச் செவுளைத் திறந்து பார்ப்பாள். பிறகுதான் வாய் திறப்பாள்.

நான் மனிதர்களிடமும் அப்படியே இருந்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. என்னை இங்கே கூட்டிவந்த ஏஜெண்ட் உயர்நிலைப் பள்ளி என்று சொல்லி, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கும் இடத்தில் விட்டான். என் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டான். அவற்றைத் திரும்ப வாங்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதற்குப்பிறகு நான் எந்தக் காகிதத்திலும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. யார் பரிவாகப் பேசினாலும், எதற்குப் பேசுகிறான் என்றுதான் முதலில் தோன்றும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொன்னேரி பக்கம் நான் ஒரு மனை வாங்கியிருந்தேன். என் தம்பி வினோத்தைத்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். ஒரு வருடம் கழித்து, இவன் அதை யாருக்காவது வாடகைக்கு விட்டு என்னிடம் மறைக்கிறானோ என்று ஒரு எண்ணம் வந்தது. காரணம் ஒன்றுமில்லை, எண்ணம் மட்டும்தான். கல்லூரித் தோழி ஒருத்தியிடம் சொல்லி, அவனுக்குத் தெரியாமல் போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவள் அனுப்பிய படத்தில் வினோத் இருந்தான். சட்டையைக் கழற்றிவிட்டுச் சீமைக்கருவேல முள்ளை வெட்டிக்கொண்டிருந்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான், என்னிடம் சொல்லாமல்.

படம் எடுத்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சண்டை போடவில்லை. மனையின் வேலிக் கதவுச் சாவியைக் கொண்டுபோய் அந்தத் தோழி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான்.

4

வினோத் டிப்ளமா படித்தவன். கடலுக்கும் போவான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் மூன்று வருடம் வேலை பார்த்தான். காண்ட்ராக்ட் முடிந்ததும் நாற்பது பேரோடு அவனையும் அனுப்பிவிட்டார்கள். அந்த வருடம் முகத்துவாரம் வேறு மணல் மூடிக் கிடந்தது. படகு எடுப்பதே பெரும்பாடு. அந்தச் சமயத்தில்தான் அவனே என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, உங்க ஊர்லயே எனக்கு வேலை கெடச்சிருக்குது. பாங்காக். டேட்டா என்ட்ரி. இங்கிலீஷ்ல டைப் அடிச்சா போதும். ரூம், சாப்பாடு எல்லாம் அவங்களே."

"கம்பெனி பேரு இன்னா?"

"அங்க வந்தப்புறம் சொல்வாங்களாம்."

"இன்டர்வியூ எங்க வெச்சாங்க?"

"வாட்ஸ்அப்ல. பத்து நிமிசம்."

"வினோத், வராத. இங்க டைப் அடிக்கிற வேலைக்கு வெளியூர்க்காரனுக்கு பர்மிட் தர மாட்டாங்க. எனக்கு டீச்சர் பர்மிட் வாங்கவே எத்தினி ஆபீஸ் ஏறி எறங்கினேன் தெரியுமா. இப்டித்தான் ஆளுங்கள கூட்டினு வந்து எல்லைக்கு அந்தாண்ட அடைச்சு வெக்கிறானுங்க."

"நீ கெளம்பும்போது நைனாவும் இதேதான் சொன்னாரு. நீ போவலையா?"

"அது வேற."

"இன்னா வேற? உனக்கு எல்லாருமே திருடன்தான்க்கா. நானும்தான் திருடனா இருந்தேன்."

போனை வைத்துவிட்டான். நான் செய்தித் துணுக்குகளை எல்லாம் அவனுக்கு அனுப்பினேன். பார்த்ததாகக் குறி விழும், பதில் வராது. நான் சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொன்னவள் நான்.

5

மூன்று வாரம் கழித்து, காலை முதல் வகுப்பில் இருக்கும்போது அவன் மனைவி சரண்யா கூப்பிட்டாள்.

"அண்ணி, அவரு கெளம்பிட்டாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. கோலாலம்பூர்ல எறங்கி வேற பிளைட்டு மாறணுமாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க ஊருக்கு வராராம்."

"இப்ப ஏன் சொல்ற?"

"அந்த ஏஜெண்டு நம்பரு நேத்துலருந்து சுச்சாப்பு அண்ணி. வேற ஒரு நம்பர்லருந்து கூப்புட்டு, ஊர்ல யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னாங்க. எனக்கு மனசு ஒரு மாதிரி கீது."

பள்ளியில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு வேன் பிடித்தேன். மூன்று மணிநேரம். விமான நிலையத்தில் பெயர்ப்பலகை பிடித்து நின்ற அத்தனை பேர்மீதும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கடைசியில் ஒரு அட்டையில் இரண்டு பெயர் எழுதியிருந்தது, ஒன்று வினோத். பிடித்திருந்தவன் இஸ்திரி போட்ட சட்டை, போனில் நல்ல மெட்ராஸ் தமிழ். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

வினோத் புது ஷூ போட்டுக்கொண்டு வந்தான். கூடவே அவன் வயதில் இன்னொருவன். அட்டைக்காரன் இருவருக்கும் கைகொடுத்து, சிம் கார்டு வாங்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே கூட்டிப்போனான். நான் பின்னாலேயே போய் வினோத்தின் தோளைத் தொட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது.

"சொல்லிட்டாளா?"

"வீட்டுக்கு வா."

"அக்கா, அசிங்கப்படுத்தாத."

அட்டைக்காரன் சிரித்தபடி வந்தான். "சிஸ்டரா? பயப்படாதீங்க சிஸ்டர். ஆபீஸ் இங்கதான், அரை மணி நேரம். ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க."

ஓரமாக ஒரு வெள்ளை வேன் நின்றது. அதன் முன்சீட்டில் மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை இறக்கி எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். "கம், கம், லேட் ஹோ ரஹா ஹை" என்று இந்தியும் ஆங்கிலமும் கலந்து கையாட்டிக் கூப்பிட்டாள். இவளும் இந்தக் கும்பல்தான், பெண்ணை வைத்தால் நம்பிக்கை வரும் என்று வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

நான் டிரைவரிடம் போனேன். வயதானவர். தாய்லாந்து மொழியில், "எங்கே போகிறீர்கள் அண்ணே?" என்று கேட்டேன். ஒளிக்க அவருக்கு ஒன்றுமில்லை. "மே சோட்" என்றார். "ஏழு மணிநேரம் ஆகும். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்துவேன்." மே சோட் எல்லையிலிருக்கும் ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்மா.

வினோத்திடம் சொன்னேன். "பொய் சொல்ற" என்றான். டிரைவருக்கு முன்னால் மாட்டியிருந்த போனைக் காட்டி, "நீயே பாரு" என்றேன். படகில் ஜி.பி.எஸ். பார்த்துப் பழகியவன் அவன். தலையை உள்ளே நீட்டிப் பார்த்தான். நீலக்கோடு வடமேற்கே போய்க்கொண்டே இருந்தது. கீழே நேரம் போட்டிருந்தது. அவன் அட்டைக்காரனைத் திரும்பிப் பார்த்தான்.

"அரை மணி நேரம்னு சொன்னீங்க?"

"அது டிரைவரு வேற டிரிப் போட்டு வெச்சிருக்காரு பிரதர். ஏறுங்க, பேசிக்கலாம்."

"என் பாஸ்போர்ட்ட குடுங்க."

"பர்மிட்டுக்கு வேணும் பிரதர்."

கொஞ்சம் தள்ளி ஒரு போலீஸ்காரர் நின்றார். நான் அவரிடம் போய், கையை வேன் பக்கம் நீட்டிக்கொண்டே, கழிப்பறை எங்கே என்று கேட்டேன். அவர் வேன் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். நான் திரும்பி வருவதற்குள் வினோத்தின் பாஸ்போர்ட் அவன் கைக்கு வந்திருந்தது.

கழிப்பறையை மட்டும்தான் கேட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால் என் காகிதங்களைக் கேட்பார். என் பர்மிட் அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. பள்ளிக்குப் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதோடு, அந்தப் போலீஸ்காரரும் இவர்கள் ஆளாக இருக்கலாம் என்று தோன்றியது. தம்பி கிடைத்துவிட்டான், அது போதும் என்று இருந்தது.

கூட வந்தவன் பெயர் வெங்கடேசு. சூளூர்பேட்டைப் பக்கம், பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆந்திர ஊர்க்காரன் என்று வினோத் சொன்னான். எனக்குத் தெரிந்த தெலுங்கில், ஏறாதே, இது சரியில்லை என்றேன். அவன் என்னையும் அட்டைக்காரனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உங்களுக்கு இங்க வேலை இருக்குதுக்கா. எனக்கு எங்கயும் இல்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.

ஒரே ஒரு முறைதான் சொன்னேன். முன்சீட்டுப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேன் கிளம்பும்போது நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு என்னையே ஏதாவது குற்றம் சொன்னால் ஆதாரம் வேண்டும் என்றுதான் எடுத்தேன்.

6

வினோத் என் அறையில் நான்கு நாள் இருந்தான். நான் வகுப்புக்குப் போய் வரும்வரை சோறு வடித்து, ரசம் வைத்து, துணி மடித்து வைத்திருப்பான். நான்காம் நாள் பெட்டி கட்டும்போது கேட்டான்.

"ஒருவேளை நெசமாவே மே சோட்லயே நல்ல வேலையா இருந்துருந்தா?"

"இருக்காது."

"உனக்கு எப்டித் தெரியும்? உன் மனையிலயும் எவனோ குடியிருக்கான்னு உனக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு."

குப்பத்தில், தான் மட்டும் வெளிநாட்டில் இருந்தால் போதும் என்று தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்றார்கள். சத்தியத்தை மீறிய சரண்யாவும் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவர்கள் மகள் ஜானுவுக்கு ஏழு வயது. பொன்னேரியில் இங்கிலீஷ் மீடியம். வாரம் ஒருமுறை போனில் நான்தான் அவளுக்குக் கதைப்புத்தகம் வாசிக்கச் சொல்லித்தருவேன். அதற்குப்பிறகு கூப்பிட்டால், "ஐ ஆம் பிஸி அத்தை" என்று வைத்துவிடுவாள். நான் சொல்லித்தந்த வாக்கியம்தான் அது.

ஐந்தாவது மாதம் வினோத் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, வெங்கடேசோட நைனா வந்துக்கீறாரு. நம்ம வூட்லதான் உக்காந்துனு கீறாரு. உன்னோட பேசணுமாம்."

மகன் ஒரே ஒருமுறை திருட்டுத்தனமாகப் போன் செய்திருக்கிறான். ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய் ஒரு கட்டடத்தில் அடைத்திருக்கிறார்கள், முகம் தெரியாதவர்களைப் போனில் ஏமாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடி. பழவேற்காட்டு ஆள் ஒருத்தன் தப்பித்துவிட்டான், அவன் அக்கா ஏறவிடாமல் தடுத்துவிட்டாள் என்றும் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பெரியவர் பஸ் மாறி பஸ் மாறி, குப்பம் குப்பமாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"அம்மா, நீ படிச்ச பொண்ணு" என்றார். தமிழில் தெலுங்கு கலந்த பேச்சு. "உனக்குத் தெரிஞ்சிருக்குது. உன் தம்பிய ஏறவுடல. என் புள்ளைய ஏம்மா ஏறவுட்ட?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். சொன்னேன், அவன் கேட்கவில்லை என்றேன். எத்தனை தடவை சொன்ன என்றார்.

அந்த வாரமே தூதரகத்துக்கும் போலீசுக்கும் போனேன். வேனின் படத்தைக் கொடுத்தேன். எழுத்தில் வாக்குமூலம் கேட்டார்கள். அன்றைக்கு நான் ஏன் விமான நிலையத்தில் இருந்தேன் என்று கேட்டார்கள். பள்ளிக்கு ஒரு கடிதம் போனது. வயிற்றுவலி பொய் என்று தெரிந்ததும் பள்ளி என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பள்ளி போனால் பர்மிட் போகும், பர்மிட் போனால் விசா போகும். ஒரு வார அவகாசத்தில் ஓடி ஓடி, இன்னும் சின்ன ஊரில் இன்னும் சின்னப் பள்ளியில் சேர்ந்தேன். நாற்பதில் வேலையை விடும் திட்டம் தள்ளிப்போயிற்று. எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

7

வெங்கடேசு ஒன்பதாவது மாதம் திரும்பி வந்தான். எல்லையில் ஒரு கூட்டத்தை மீட்டு அனுப்பியதில் அவனும் இருந்தான். என் படம் உதவியதா என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, வினோத் தானாகவே, "வா, அவன பாத்துட்டு வரலாம்" என்று வண்டியை எடுத்தான். கும்மிடிப்பூண்டி தாண்டி ஒரு கடையில் நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். அவன் இளநீரைப் பாதி குடித்துவிட்டு, "மனைய மறுபடியும் நானே பாத்துக்கறேன். முள்ளு ஏறிப்போச்சு" என்றான்.

வெங்கடேசு இளைத்திருந்தான். வீட்டில் மணி அடிக்கும் போன் எல்லாவற்றையும் அவனுக்காகச் சத்தமில்லாமல் வைத்திருந்தார்கள். அவன் அம்மா எங்களுக்கு இறால் வறுத்து வைத்தார். பெரியவர் நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் எவ்வளவோ கேட்க நினைத்துப் போயிருந்தேன். ஒன்றைத்தான் கேட்டேன்.

"முன்சீட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சே வெங்கடேசு. அது அவங்க ஆளா?"

அவன் என்னை வினோதமாகப் பார்த்தான்.

"இல்லக்கா. அதுவும் எங்கள மாதிரி வேலைக்கு வந்ததுதான். எங்களுக்கு முன்னாடி பிளைட்ல வந்து எறங்கியிருக்கு. ரெண்டு மணி நேரம் தனியா வண்டியில உக்கார வெச்சிட்டாங்களாம். நாங்க வந்தப்புறம்தான் அதுக்கு உசுரே வந்துச்சு. நம்ம ஊர்க்காரங்கள பாத்துட்டோம்னு."

"ஏன் முன்னாடி உக்காந்திருந்தா?"

"ஊரு பாக்கலாம்னு. வெளிநாடு வந்தது அதுதான் முதல் தடவ. வழி பூரா போட்டோ எடுத்துக்கினே வந்துச்சு. இருட்டினதும்தான் எங்க போறோம்னு கேட்டுச்சு."

"இப்ப எங்க இருக்கா?"

"ஆத்த தாண்டினதும் வேற கட்டடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. அப்புறம் நான் பாக்கல. எங்க கூட்டத்துல வரல."

"அவ பேரு?"

"அங்க போனதும் எல்லாருக்கும் வேற பேரு வெச்சிட்டாங்கக்கா. என்னைய டேவிட்னாங்க. அத லில்லின்னாங்க. நெச பேரு நான் கேக்கல."

தாய்லாந்துக்குத் திரும்பி வந்ததும் மறுபடி மனு எழுதிக்கொண்டு தூதரகத்துக்குப் போனேன். இருபத்தைந்து வயது இருக்கும், மஞ்சள் சுடிதார், இந்தி பேசினாள், இந்த நாள், இந்த வேன் என்று எழுதியிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதையாகப் படித்தார். பெயர் என்று போட்ட கட்டத்தில் விரலை வைத்து, இது இல்லாமல் எப்படித் தேடுவது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். வாரம் ஒருமுறை அந்த அலுவலகத்துக்குப் போன் செய்கிறேன். இதுவரை ஒன்றுமில்லை.

அன்றைக்கு நான் அந்தப் பெண்ணின் கண்ணாடி ஓரமாகத்தான் நின்று டிரைவரிடம் பேசினேன். கை நீட்டினால் தொடும் தூரம். பெயர் என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பேச யாராவது கிடைக்கமாட்டார்களா என்று இரண்டு மணிநேரமாகக் காத்திருந்தவள் அவள்.